வடிவாப் பூசு மனே

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளமும் பயமும் உள்ள பிரதேசங்களில் உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதே மக்களுக்குச் செய்யும் நன்மை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் மாதிரியான ஓர் ஊரில்தான் நான் பிறந்தேன், இப்போது ஓய்வூதியமும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 1978 சூறாவளி, யுத்தம், 2011 வெள்ளம் என்று எல்லாம் பார்த்த கரை. சுனாமி மட்டும் வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையை அடித்ததோடு நின்றது. ஆசிரியராக இருந்தபடியால் தேர்தல் கடமைக்கும் பல தடவை போயிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007 மார்ச்சில் ஷெல்லுக்குப் பயந்து வலையிறவுப் பாலம் கடந்து ஓடிய சனத்தில் நாங்களும் இருந்தோம். திரும்பி வந்து, வளவில் முளைத்த பற்றையைக்கூட வெட்டி முடிக்கவில்லை, 2008 மார்ச் 10ஆம் திகதி மட்டக்களப்பு மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் தேர்தல் வைத்தார்கள். 1994க்குப் பிறகு இங்கே நடந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல். ஆயுதக் குழுக்கள் நடமாடுகின்றன, இதில் சுதந்திரமான தேர்தல் எங்கே என்று கேட்டுத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் ஒதுங்கிக்கொண்டன. பிரசாரம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வான் வண்டியில் வந்து இறங்குவார்கள், துண்டுப்பிரசுரம் தருவார்கள், நம்பரைச் சொல்வார்கள், போவார்கள். யாரும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் தலையாட்டினோம். தறப்பாளுக்குக் கீழே படுக்கிறவன் யாருக்குத்தான் தலையாட்ட மாட்டான்?

அன்று எனக்குப் பக்கத்துப் பிரதேசத்துப் பாடசாலை ஒன்றில் மை பூசும் வேலை. இடது கைச் சின்ன விரலில் பூசவேண்டும். காலையில் கொஞ்சமாகத்தான் தொட்டு வைத்தேன், மை சிக்கனமாக இருக்கட்டும் என்று. ஒரு வயதான அம்மா கையை எடுக்கவே இல்லை. “வடிவாப் பூசு மனே, தெரியவேணும்” என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். யாருக்கு வாக்குப் போட்டோம் என்பது அவர்களுக்கு அன்று பெரிய விஷயமில்லை. போட்டோம் என்பது தெரியவேண்டும். மறுநாள் யாராவது வந்து விரலைக் காட்டு என்று கேட்டால்? நிவாரண அட்டையில் பெயர் விட்டுப்போனால்? அன்று பின்னேரம் வாக்களிப்பு வீதத்தை நானும் சேர்ந்துதான் கணக்கெடுத்துக் கொடுத்தேன். வாக்களிப்பு வீதம் கூடினால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று யாராவது எழுதினால் எனக்கு இன்றைக்கும் அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

சரி, அப்படியானால் தள்ளிப்போடுவதுதானே சரி என்பீர்கள். தள்ளிப்போட்டதையும் பார்த்துவிட்டோமே. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல், காசில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தலை வைக்காமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் தேர்தல் வர 2025 மே 6 ஆனது. இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டின் மற்ற இடங்களைப் போல எங்கள் சபையிலும் உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை.

அந்த இடைவெளிக்குள்தான் 2024 நவம்பர் கடைசி வாரத்து மழை வந்தது. அம்பாறைப் பக்கம் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது அப்போதுதான். எங்கள் ஊரில், கடவுளே என்று, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கோயிலடி ஒழுங்கையில் இருந்த மதகு போய்விட்டது. அந்த ஒழுங்கையில் இருபது வீடு. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். யாரிடம் சொல்வது? கிராம உத்தியோகத்தர் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அது அவருடைய வேலையும் இல்லை. சபையில் செயலாளர் இருக்கிறார், ஆனால் அவர் எங்கள் வாக்கில் வந்தவரில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. முன்பென்றால் வட்டார உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை ஏசலாம். அந்த ஏச்சுக்கு ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது அவர் இல்லாதபோதுதான் தெரிந்தது.

2025 பிரசாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். துவக்கு இல்லை, வான் இல்லை. 2018இலிருந்து பிரதேசத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து வாக்களிக்கும் வட்டார முறை என்பதால் வேட்பாளர்களில் பாதிப்பேர் எங்கள் மருமக்கள், மச்சான்மார். எந்தக் குடி (தாய்வழி வம்சம்) எந்தப் பக்கம் என்ற கணக்கு வேறு. இப்போதைய பயம் யானை. பொழுதுபட முதல் வீடு வீடாகப் போய் முடித்துவிடவேண்டும், ஆறு மணிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் வேட்பாளரும் வரமாட்டார், வாக்காளரும் படலையைத் திறக்கமாட்டார்.

யானை என்றதும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நான் வென்றால் யானையை ஊருக்குள் வரவிடமாட்டேன் என்று ஒருவர். மின்சார வேலி போட்டுத் தருகிறேன் என்று இன்னொருவர். யானை வனஜீவராசிகள் திணைக்களத்தின் காரியம், குளத்து வான்கதவைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் காரியம் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். சபை செய்யக்கூடியது தெருவிளக்கு. விளக்கு எரிந்தால் யானை வேலியடியில் நிற்பதாவது கண்ணுக்குத் தெரியும். அதை ஒருவரும் பேசவில்லை.

ஒருவர் அல்ல, ஒருத்தி பேசினாள். நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்ற விதிக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிள்ளை. சைக்கிளில் வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்தீர்களா, குளோரின் போட யாரும் வந்தார்களா, கோடையில் தண்ணீர் பவுசர் கிழமைக்கு எத்தனை நாள் வருகிறது, கடைசி வீட்டுக்கும் கிடைக்கிறதா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினாள். அவளுடைய கட்சி எனக்குப் பிடிக்காத கட்சி. அதனால் என் வாக்கை எப்படிப் போட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை.

இன்னொரு விஷயம். வெள்ளத்தன்று உலர் உணவுப் பொதி கொண்டுவந்த சிலர் வேட்பாளராக மறுபடி வந்தார்கள். பொதி தந்ததைப் பற்றி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தந்தபோது எடுத்த படத்தைப் பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் நனைந்த சாரத்தோடு நிற்கிறவர் என் சொந்தத் தம்பி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். தேர்தல் அறிவிக்காத காலத்தில் தந்த பொதி எந்தக் கணக்கில் வரும்? வாக்குக்காக உணவு கொடுப்பது லஞ்சம் என்று சட்டம் சொல்கிறதே, ஐந்து மாதத்துக்கு முன்பே கொடுத்து வைத்தால்? கட்டுரை எழுதியவர் தேர்தலை நிறுத்தச் சொல்வதை விட்டு, நிவாரணப் பட்டியலும் பொதியும் வேட்பாளர் கைக்குப் போகாமல் இருக்க வழி சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். 2008இல் அந்த அம்மா பயந்தது துவக்குக்கு மட்டுமல்ல, பட்டியலுக்கும்தான்.

தேர்தல் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. வென்றவர் என் மாணவன், வகுப்பில் கடைசி வாங்கு. மதகு விஷயமாக இதுவரை மூன்று தடவை அவன் வீட்டுக்குப் போய் ஏசிவிட்டேன். முதல் தடவை தேத்தண்ணீர் தந்தான். இரண்டாம் தடவை ஆள் வீட்டில் இல்லை என்றார்கள், மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. மூன்றாம் தடவைக்குப் பிறகு நான்கு சீமெந்துக் குழாய் வந்து கோயில் மதிலோரம் இறங்கியிருக்கிறது. இப்போதைக்கு ஆடுகள் அதற்குள் படுக்கின்றன. மாரிக்கு முதல் புதைப்பதாகச் சொல்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.