தம்பிக்கு, அந்தப் படிவம் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. போர் மோட்டாரில் காயில் போய் மறுபடி கட்டியாயிற்று. மற்றதெல்லாம் பழையபடிதான்.

எழுத உட்கார்ந்தது நம் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்து நன்கொடைப் படிவத்துக்காக. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ‘குடியுரிமை’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். சங்கப் பொருளாளர் வீட்டுக்கு வந்து கேட்டான். உன் வகுப்புத்தான், தபால்காரர் மகன். அவசரத்தில் விட்டிருப்பான் என்றேன். இரண்டு நாள் கழித்து நீ வாட்ஸாப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய் என்றான். போனை மாற்றியிருப்பான் என்று சொல்லி வைத்தேன்.

அவன் வம்புக்குக் கேட்கவில்லை, சட்டம் அப்படி. வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் தன் சம்பளப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டால், இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய அரசிடம் தனியாகப் பதிவு வேண்டும். இந்தச் சங்கத்துக்கு அது கிடையாது. ஆகவே எது உண்மையோ அதை எழுதிவிடு. என்னிடம் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. அம்மா கேட்டாள், தெரியாது என்றேன். தெரியாதுதானே.

எதுவானாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதே. நல்ல பையன்கள்தான், ஆனாலும் தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதே. அரசாங்கமே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஆரம்பித்ததே, அதில் எந்தப் பள்ளி, என்ன வேலை என்று நாமே பார்த்துக் கொடுக்கலாம். அதிலும் ரசீதை எடுத்து வை.

இன்னொன்று. ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதே. ஏற்கெனவே வந்தது சும்மா நிற்கிறது. எல்லாருக்கும் பெயர் எழுத இடம் இருக்கிற பொருளாகத்தான் கொடுக்க ஆசை. எட்டாம் வகுப்பில் ஒரு டியூப்லைட்டின் மேல் ‘உபயம்’ என்று தொடங்கி அப்பா பெயர், தாத்தா பெயர் வரை எழுதி, வெளிச்சமே பாதிதான் வருகிறது. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ஒன்று, கழுவ ஒரு ஆள், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம். இதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் யாரும் முன்வரவில்லை. 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தபால்காரர் மகன் அதிலும் இருக்கிறான். கூட்டம் தவறாமல் போய் இதற்காகத்தான் மல்லுக்கட்டுகிறான். படிப்பில் உனக்கு ரொம்பப் பின்னால் இருந்தவன்.

தலைமையாசிரியர் அறை வாசலில் அந்த மதிப்பெண் பலகை இன்னும் இருக்கிறது. உன் 483 மங்கிப்போயிருந்தது. போன மாதம் பெயின்டரைக் கூட்டிப்போய் உன் வரிக்கு மட்டும் ஒரு கோட் வெள்ளை அடிக்கச் சொன்னேன். இப்போது அது ஒன்றுதான் பளிச்சென்று தெரிகிறது, கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. நீயோ பதினோரு வருஷத்தில் மூன்று முறை வந்தாய். கார் பள்ளி வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். ஒரு தடவையாவது இறங்கினாயா?

நீ ஏன் குழுவை விட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். அவன்தான் போனில் காட்டினான். ‘பத்தோடு எங்களை விட்டுட்டு ஓடினவன், இவனை எந்த செட்டில் போடறது?’ என்று ஒருத்தன் எழுதி, கீழே பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் அவர்களை அப்படிச் சொல்ல வைத்தவன் நான்.

மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த ஊர் 2 லட்சம் கட்டவேண்டும் என்று வந்தபோது, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு களம் களமாக அலைந்தேனே, நீகூட சைக்கிளில் பின்னால் வந்தாய். நம் பிள்ளைகள் இங்கேயே பிளஸ் டூ படிக்கட்டும், என் பையனும் இங்கேதான் என்று சொல்லித்தான் வாங்கினேன். தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. உத்தரவு வந்த வாரமே, யாருக்கும் தெரியாமல், அந்த விடுதிப் பள்ளியில் உனக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். லேப் இல்லை, இயற்பியலுக்கு ஆள் போடவில்லை, என் பிள்ளையை வைத்தா சோதனை பார்ப்பது என்று தோன்றியது.

டி.சி. வாங்கப் போனபோது தலைமையாசிரியர் ஒன்றுதான் கேட்டார்: “என்னங்க, நீங்களேவா?” நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “பையன் அடம் பிடிக்கிறான் சார், நான் என்ன செய்யட்டும்.” நீ பக்கத்தில் நின்றாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், அப்புறம் தரையைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் நீ அழுததை அம்மா சொன்னாள். இங்கேயே இருக்கிறேன் என்று என்னிடம் நான்கு தடவை கேட்டவன் நீ. ஊர் முழுக்க உன்னைத்தான் சொன்னார்கள். நானும் சொல்லவிட்டேன், பிறகு அதையே நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2020-இல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்துக்குத் தனி இடம். இப்போது பலர் அதற்காகவே பிள்ளையை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அது அன்றைக்கே இருந்திருந்தால் உன்னை மாற்றியிருக்கமாட்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிடலாம் என்று போன தடவை எழுந்தேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தைக் குழுவில் போடவேண்டும் என்றால் போட்டுக்கொள். போடவேண்டாம் என்றால் அதுவும் சரி. படிவத்தை நிரப்பி அனுப்பு. ரசீது கேட்டு வாங்கு.

அப்பா

பி.கு.: நீதான் அடம் பிடித்தாய் என்று அம்மாவும் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அன்று அழுததுகூடப் பயத்தில் என்று நான்தான் சொன்னேன். அவளிடம் நானே சொல்கிறேன், இந்த முட்டிவலி கொஞ்சம் அடங்கட்டும்.