முட்டிக்கு மேலே ஒரு வீக்கம்

அன்புள்ள மீனா,

உன் பையன் கதிருக்கு முட்டிக்கு மேலே வீங்கி வலிக்கிறது என்கிறாய். அந்த வலியை மாப்பிள்ளை விளையாட்டில் பட்ட அடி என்கிறார், உங்கள் டாக்டர் வளர்கிற வயசு வலி என்றாராம். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் ராத்திரியில் வரும். காலையில் பிள்ளை ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். வீக்கம் இருக்காது. பதிமூன்று வயசுப் பையனுக்கு ஒரே காலில், ஒரே இடத்தில் வலித்து, தூக்கமும் கெட்டு, வீங்கவும் செய்தால் அது வேறு கணக்கு.

முட்டிச் சில்லுக்குக் கீழே அழுத்தினால் வலிக்கிற மேடு என்றால், ஓடியாடுகிற பிள்ளைகளுக்கு அது சகஜம். நீ சொல்வது முட்டிக்கு மேலே. இந்த வயசில் எலும்புப் புற்றுநோய் அதிகம் வருகிற இடமும் அதுதான். பயப்படாதே, அது அபூர்வம். சீழ் பிடித்தாலும், எலும்புக் காசநோய் என்றாலும், கிருமியே இல்லாத அழற்சி என்றாலும் இப்படி வீங்கலாம். தொட்டுப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் இந்த வாரமே எக்ஸ்ரே எடு, நேராகவும் பக்கவாட்டிலும். நல்ல எலும்பின் ஓரம் பேனாவால் இழுத்த கோடு மாதிரி இருக்கும். அந்தக் கோடு கலைந்து, மேலுறை தூக்கிக்கொண்டு சின்ன முக்கோணமாக நிற்கிற படத்தைப் பார்த்தால், எக்ஸ்ரே அறையிலேயே காலத்தைக் கழித்த எனக்கு வயிறு கலங்கும். முட்டிப் படம் சுத்தமாக இருந்தால் இடுப்பையும் எடுக்கச் சொல். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவினாலும் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு முட்டியில் வலிக்கும்.

கூடவே ரத்தப் பரிசோதனை: அணுக்களை எண்ணுகிற சிபிசி, அழற்சியைக் காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி. ரத்தப் புற்றுநோயும் சிலருக்கு எலும்பு வலியாகத்தான் தொடங்கும், அதனால் ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியரும் பார்க்கட்டும். ரத்தம் நார்மல் என்றதும் வீட்டுக்கு வந்துவிடாதே. வலி நிற்கவில்லை என்றால் எம்ஆர்ஐ கேள்.

பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது, என்று பேச்சு வந்தால் மட்டும் அவசரப்படாதே. வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி மாதிரி எலும்புக் கட்டிக்கு ஆபரேஷனும் செய்கிற இடத்தில்தான் எடுக்க வேண்டும். ஊசி போன பாதையையும் பின்னால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். தப்பான இடத்தில் குத்தினால் காலைக் காப்பாற்றுவதே சிக்கலாகிவிடும்.

அம்மா புத்தூர் கட்டு போடலாமா என்கிறாள். படம் பார்க்கும்வரை கட்டும் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முறைத்தாள், சரி, சமாளித்துக்கொள்கிறேன்.

ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போட்டோ எடுத்து அனுப்பாதே, ஒன்றும் தெரியாது. படம் பதிந்த சிடி டிஸ்க்கைக் கேட்டு வாங்கு.

அப்பா