வண்டியில் இருந்து பேசாதே, தம்பி

சிவமயம்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பச்சிக்கு முழங்கால் வலி முன்போலத்தான். முன்னோருக்குப் போட்ட படைப்புக்கு நீ வராததை ஊரில் எல்லோரும் கேட்டார்கள், வேலை என்று சொல்லிவிட்டேன். வண்டி ஓட்டும்போது பேசாதே என்று போனில் சொன்னால் ‘சரி ஆத்தா, சரி ஆத்தா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குப் பூக் கொடுப்பவர் கொஞ்ச நாளாக வரவில்லை. தேவகோட்டை ரோட்டில் பொழுது மங்கும் நேரம் சைக்கிளில் வந்தவரைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிவு. மல்லிகை எல்லாம் தாரோடு தாராக நசுங்கிக் கிடந்ததாம். ஓட்டியவன் கெட்ட பையன் இல்லை, அவனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். ‘மெசேஜ் வந்தது, ஒரு நிமிஷம்தான் பார்த்தேன்’ என்று அழுதானாம். உன் வயதுதான் இருக்கும்.

அப்பச்சி கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் 3 நொடியில் 50 மீட்டர் போய்விடுமாம். நம் வீட்டு முகப்பில் கண்ணை மூடி, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெருக் கதவில் திறக்கிற மாதிரி. நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது?

போனைக் கையில் பிடிப்பதில்லை, காரே பேசுகிறது என்பாய். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் கையில் பிடிப்பதைத்தான் கூடாது என்கிறது, சரி. புத்தி பேச்சில் அல்லவா இருக்கிறது? நிலப் பத்திரம் பற்றிப் பேசியபோது நீ பிரேக் போட்ட சத்தம் இங்கே கேட்டது. ‘ஒன்றுமில்லை’ என்றாய். ஒன்றுமில்லாததற்கு யாரும் அப்படிப் பிரேக் போடுவதில்லை.

நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய். பிள்ளையார்பட்டிக்குப் போனபோது அயித்தை வழி முழுக்கத் தூங்கினார்கள். அவர்கள் வேறு யார் ஓட்டினாலும் கண்ணை மூடமாட்டார்கள். இருந்தாலும் ஓட்டும்போது பேசாதே.

பாப்பா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாளாமே, சந்தோஷம். காதில் பாட்டு வேண்டாம். லாரி, பஸ் திரும்பும்போது இடது பக்கம் நுழையக்கூடாது, ஓட்டுபவருக்கு அவள் தெரியவே மாட்டாள். நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகக்கூடாது, யாராவது பட்டென்று கதவைத் திறப்பார்கள். நீயும் இறங்கும்போது இடது கையால் கதவைத் திற. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

ஆபீஸ் விட்டு வருகிற நேரம்தான் உனக்குக் கிடைக்கிறது என்று தெரியும். அதையும் வேண்டாம் என்கிறேன். அப்புறம் எப்போது பேசுவாய் என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

மனகோலமும் கைமுறுக்கும் பார்சலில் வரும். பாப்பா சைக்கிளுக்குப் பின்பக்கச் சிவப்பு விளக்கு இன்னும் வாங்கவில்லையாம், அவளே சொன்னாள். கடிதம் கிடைத்ததும் முதலில் அதை வாங்கு.

ஆத்தா