கச்சைகட்டிக் கருப்பும் நாங்களும்

வாடிப்பட்டி
தை மாதம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தைய நாள் கிடைத்தது. நாங்கள் இருவரும் வேலையை உதறிவிட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டோம் என்று உன் அம்மா வருத்தப்பட்டதாக எழுதியிருந்தாய். பாதிதான் உண்மை என்று அம்மாவிடம் சொல். வேலையை விட்டவர் இவர் மட்டும்தான். நான் இன்னும் காலையில் பஸ் பிடித்து மதுரைக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத்தான் வருகிறேன். என் சம்பளம் இல்லையென்றால் முதல் கோடையிலேயே ஆடுகளை விற்றிருப்போம். ‘மண்ணுக்குத் திரும்பிய தம்பதி’ என்று யாராவது எங்களைப் படம் பிடிக்க வந்தால் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

கம்பளி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். எங்கள் செம்மறி ஆட்டில் கத்தரித்து எடுக்க ஒன்றுமில்லை; உடம்பெல்லாம் குட்டை முடி. நம் மாநிலத்தில் மெல்லிய ரோமம் வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டைத் தேடித்தான் போக வேண்டும். அந்த இனத்தைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். எங்களிடம் இருப்பது கச்சைகட்டிக் கருப்பு என்ற செம்மறி இனம். கச்சைகட்டி என்பது இங்கே பக்கத்து ஊர். ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த ஆடு வாடிப்பட்டி வட்டாரத்தைத் தாண்டினால் கண்ணில் படுவதே அரிது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. அவற்றில் இது ஒரு கைப்பிடி. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மதுரையில் சேவா என்ற அமைப்பு இதை வளர்ப்பவர்களோடு நீண்ட காலமாக வேலை செய்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எந்தக் கிடா பட்டியில் தங்க வேண்டும், எது கசாப்புக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆட்டுக்காரரின் அந்த மாதத்துக் கடன்தான்.

இங்கு வந்தபிறகு எனக்குப் புரிந்த பெரிய விஷயம் இது. குட்டிகளில் எது நன்றாக வளர்கிறதோ அதற்குத்தான் வியாபாரி முதலில் விலை சொல்வான். மறு இல்லாத கருப்பு என்றால் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கூடுதலாகவே தருவார்கள். பணமுடை நேரத்தில் அதை மறுக்க யாரால் முடியும்? நல்லது போய்விடும், நோஞ்சான் நின்றுவிடும். பிறகு அந்த நோஞ்சான்தான் மந்தைக்கு அப்பன். நான்கைந்து ஈற்றுக்கு இப்படியே நடந்தால் இனம் தானாகவே தேய்கிறது. அதைப் பார்த்துவிட்டு “நாட்டு ஆடு எடை வராது, வெளியூர்க் கிடா வாங்கு” என்று யாராவது யோசனை சொல்வார்கள். கலப்பு அங்கிருந்து தொடங்குகிறது.

அதனால் எங்கள் பண்ணையில் ஒரே ஒரு விதி: ஈற்றில் முதல்தரமான கிடாக்குட்டி விற்பனைக்கு இல்லை. அதை வளர்த்து, அக்கம்பக்கத்து மந்தைகளுக்கும் இனச்சேர்க்கைக்குக் கொடுக்கிறோம். பணம் வாங்குவதில்லை, பதிலுக்கு அவர்களிடமிருந்து ஒரு பெட்டைக்குட்டியோ, எங்கள் மந்தையின் ரத்தம் கலக்காத இன்னொரு கிடாவோ வரும். ஒரே கிடாவை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, தன் மகள்களையே சேரும். காது வில்லை எண், தாய், தகப்பன் எல்லாம் என் பழைய வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. இங்கே ஆட்டுக் கிடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்து, “டீச்சரம்மா, எனக்கு இதெல்லாம் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்” என்றார். சோதித்துப் பார்த்தேன். உண்மையாகவே தெரிகிறது.

இந்தக் கிடா விஷயத்தில் இவருக்கும் எனக்கும் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. மதுரைப் பக்கம் கிடா முட்டுக்கு இருக்கும் மவுசு உனக்குத் தெரியும். இந்த இனத்துக் கிடா முரட்டுக் கொம்போடு நிற்கும். முட்டு விடுகிறவர்கள் கறி விலையைப் போலப் பல மடங்கு தருவார்கள். விலங்குகளை மோதவிடுவதை 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. அதை விட்டுவிட்டாலும், மண்டை உடைந்த கிடாவை ஒருமுறை பார்த்தவள் என்ற முறையில் என்னால் ஒப்ப முடியவில்லை. இவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை: “நல்ல கிடாவைக் கத்திக்குக் கொடுக்காமல் இத்தனை காலம் வைத்திருந்தது அவர்கள்தானே?” ஆமாம், வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது கொம்பு மட்டும். எந்தப் பெட்டை இரண்டு குட்டிக்கும் பால் தருகிறது, எது வறட்சியில் தாங்குகிறது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. முட்டுக்கு விற்பதில்லை என்பதில் இப்போதைக்கு நான் ஜெயித்திருக்கிறேன், சம்பளக்காரி என்ற பலத்தில்.

வருமானம் எங்கிருந்து என்று கேட்பாய். கறிக்குப் போகும் இரண்டாம் தரக் கிடாக்கள் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, வயலில் கிடை போடுவதற்கு வரும் கூலி. இது பெரியாற்றுப் பாசன நிலம். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த நாளிலிருந்து நெல்தான். அறுப்பு முடிந்து அடுத்த நடவுக்கு முன்னால் வயல்காரர்கள் கிடை போடக் கூப்பிடுவார்கள். எங்கள் மந்தை சிறியது, தனியாகப் போனால் கட்டுப்படியாகாது. அதனால் அந்தப் பெரியவரின் ஆடுகளோடு சேர்த்து இரவில் வயலில் அடைத்து, மறுநாள் பட்டியை நகர்த்துகிறோம். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகின்றன; வண்டி வாடகை இல்லை, அள்ளும் கூலி இல்லை. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பார்களே, கிடை போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் பயிரின் பச்சையிலேயே வித்தியாசம் தெரிகிறது. எங்கள் சொந்த நிலத்தில் வரப்போரம் அகத்தி, ஒரு துண்டில் வேலிமசால் என்ற தீவனப் பயிர், கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை தீவனச் சோளம். அடர்தீவனம் வாங்குவது சினை ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் மட்டும்.

துக்கமும் உண்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லை ஆசையாக மேய்ந்த ஆடு, துள்ளுமாரி நோய் வந்தால் பொழுதுக்குள் விழுந்துவிடும். மழைக்கு முன்பே ஊசி போட்டுவிடுவதுதான் வழி. நாய்களுக்குத்தான் ஊசியும் இல்லை, வழியும் இல்லை. தெருநாய்க் கூட்டம் ஒன்று பட்டிக்குள் புகுந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இப்போது இவர் பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். குளிருகிறது என்று தினமும் புகார். வீட்டுக்குள் வந்து படுங்கள் என்றாலும் வருவதில்லை.

உன் அண்ணன் பழனிப் பக்கம் வாங்கிய நிலத்தில் விடுவதற்கு ஒரு கிடா கேட்டதாக எழுதியிருந்தாய். தனிக் கிடாவாகத் தர மாட்டோம் என்று சொல்லிவிடு. அங்கே உள்ள ஆடுகளோடு சேர்ந்து ஒரே தலைமுறையில் கரைந்துவிடும். ஐந்தாறு பெட்டைகளோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாக இருந்தால் மாசி முடிந்ததும் வரட்டும். பால் மறந்த குட்டிகள் அப்போது தயாராக இருக்கும். விலை இவரிடம் பேச வேண்டாம், என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
சாந்தி