நட்சத்திரம் இன்னும் முக்கோணமாகத்தான் தெரிகிறது: உங்கள் 200 மி.மீ. டெலஸ்கோப் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்

பொருள்: 200 மி.மீ. டாப்சோனியன் (குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கிற டெலஸ்கோப்), முதன்மைக் கண்ணாடிக் கோளாறு. தீர்க்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்ட புகார்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண், புது ஆள், "முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்ற அதே பல்லவி. இந்த முறை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. டெலஸ்கோப் நீங்கள் செய்தது. அதன் கண்ணாடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று நேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரே ஒரு நட்சத்திரத்தை ஒழுங்காகக் காட்டுங்கள், நீங்கள் கேட்கிற ஐந்தையும் தருகிறேன்.

நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறது. அதுதான் புகார், அன்றும் இன்றும். ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், நடுவில், குழாய்க்குள் இருக்கிற சின்னக் கண்ணாடியின் நிழலோடு வட்டவட்டமாக வளையங்கள் வர வேண்டும். எனக்கு வருவது மூலை மழுங்கிய முக்கோணம். கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்பது) பார்த்தாயிற்று, நிழல் நட்டநடுவில்தான் விழுகிறது. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கிற லென்ஸை, திருகிப் பார்த்தேன், முக்கோணம் திரும்பவில்லை. வேறு ஐபீஸ் போட்டேன், அதே முக்கோணம். தலையைச் சாய்த்தும் பார்த்துவிட்டேன், அது என் கண்ணோடு சாயவில்லை. குழாயின் வாய்வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்பில் ஒன்றின் அடியில் ரப்பர் நசுங்கிப் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். இங்கே காற்றுகூட நுழையாது. இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி எப்படி வளையாமல் இருக்கும்?

இதை உங்கள் ஆட்களிடம் சொன்னபோது ஒருவர், "ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க" என்றார். மறுநாள் இன்னொருவர், "அதைத் தொட்டா வாரண்டி போயிடும்" என்றார். மூன்றாவதாகப் பேசியவருக்கு ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, "நிலா தெரியுதா சார்? நிலா தெரிஞ்சா டெலஸ்கோப் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று முடித்துவிட்டார். இன்னொரு அம்மா கனிவாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன தீர்வு, தனியாக ஒரு 3 மடங்கு பார்லோ லென்ஸ் வாங்கிப் போடுவது! கோணலான பிம்பத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் மூன்று மடங்கு கோணல்தான் கிடைக்கும். அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

வானம் சரியில்லை என்று எழுதிக் கைகழுவவும் பார்த்தீர்கள். காற்றின் கலக்கம் நொடிக்கு நொடி மாறும், நட்சத்திரம் நடுங்கும், கொதிக்கும். இந்த முக்கோணம் எந்த இரவிலும் இம்மியும் மாறுவதில்லை. டெலஸ்கோப்பை வெளியே வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டுத்தான் பார்க்கிறேன். போன மாதம் புனர்பூசத்துக் காஸ்டரைப் பார்த்தேன். அது இரட்டை நட்சத்திரம், நடுவே 5 ஆர்க்செகண்டுக்கு மேல் இடைவெளி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு). பக்கத்திலேயே நண்பர் தன் 80 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பை வைத்திருந்தார், அதில் இரண்டும் தனித்தனியாகப் பளிச்சென்று நின்றன. 200 மி.மீ. கண்ணாடிக்குக் கணக்குப்படி 0.6 ஆர்க்செகண்டு வரை பிரிக்கிற திறன் உண்டு. உங்களுடையதில் இரண்டு முக்கோணங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு தெரிந்தன. அதே வானம், அதே நேரம்.

சர்வீஸ் சென்டருக்குப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. கூரியரில் அனுப்பினால் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றீர்கள். குழாயே கிட்டத்தட்ட 10 கிலோ. போர்வை சுற்றி, மடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் நெஞ்சு பதறக் கொண்டுவந்து சேர்த்தேன். உங்கள் டெக்னீஷியன் அதை ஜன்னலோரம் வைத்தார். 25 மி.மீ. ஐபீஸைப் போட்டார். பட்டப்பகலில் ஒரு செல்போன் டவரைப் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்கு" என்றார். அவ்வளவுதான் சோதனை! வயிற்றுவலி என்று போனவனின் பல்லைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய கதை. 48 மடங்கு உருப்பெருக்கத்தில் டவர் தெளிவாகத்தான் தெரியும். டவர் என்ன ஒளிப்புள்ளியா, அதில் முக்கோணம் தெரிவதற்கு? இரவில் வேலை பார்க்க ஆள் இல்லை என்றால் பகலிலேயே சோதிக்க வழி உண்டு. தூரத்தில் ஒரு சின்ன எஃகுக் குண்டை வைத்தால் வெயில் பட்டு அதில் மின்னும் புள்ளியே நட்சத்திரம். வீட்டு மாடியில் டெலஸ்கோப் செய்கிறவர்கள்கூட அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இதைப் பணிவாகத்தான் சொன்னேன். அப்போதுதான் உள்ளே இருந்து அந்த மேற்பார்வையாளர் வந்தார். பெயர் எழுதவில்லை, உங்கள் பதிவேட்டில் இருக்கும். எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "ஹபிள் போட்டோவைப் பாத்துட்டு வந்து எங்க உயிரை எடுக்கிறாங்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை, என்னைக் காட்டி டெக்னீஷியனிடம் சொன்னார். ஐயா, ஹபிளைப் பற்றி அவர் பேசியதே நல்லது. 1990 ஏப்ரலில் அந்த விண்வெளி டெலஸ்கோப்பை நாசாக்காரர்கள் ஏவினார்கள். இரண்டே மாதத்தில் கண்ணாடி தப்பு என்று தெரிந்துவிட்டது. 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு ஏறக்குறைய 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது, தலைமுடிக் கனத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். வானம் சரியில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நிலா தெரிகிறதா என்று கேட்கவில்லை. தப்பை உலகத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டு, 1993 டிசம்பரில் விண்வெளிக்கே ஆள் அனுப்பிச் சரிசெய்தார்கள். உங்களுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

"விட்டுட்டுப் போங்க" என்றார்கள், விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்ததில் முக்கோணம் அப்படியே இருக்கிறது, கூடுதலாக வேறொன்றும் வந்திருக்கிறது. யாரோ கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வட்டவட்டமாகக் கீறல்கள், ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரிவரியாக எண்ணிவிடலாம். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பூச்சு பின்னால் இருக்கும். இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கம், அதுவும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்தில். உங்கள் கையேட்டிலேயே 'கண்ணாடியைத் துடைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆட்களே அதைப் படிப்பதில்லை போலும். கண்ணாடியின் நடுவில் கொலிமேஷனுக்காக ஒட்டியிருந்த வளைய ஸ்டிக்கரையும் காணோம். இனிமேல் லேசரை வைத்து நான் எதைப் பார்த்து நேராக்குவது?

நஷ்டக் கணக்கைக் கேளுங்கள். 2025 நவம்பரில் சனியின் வளையம் ஒரு டிகிரிகூடச் சாயாமல் ஊசியாக மெலிந்து நின்றது. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு, ஒரு சுற்றில் இரண்டு சமயங்களில்தான் வளையம் இப்படி மெலியும். அதனால் பூமிக்கு விளிம்பு காட்டி வளையம் மறைகிற நிலை இனி 2038-ல்தான். 2025 அக்டோபர் தொடக்கம் வரை, சனியின் துணைக்கோளான டைட்டனின் நிழல் சனியின் முகத்தில் கரும்புள்ளியாக விழுந்துபோனது. இதற்காகவே வாங்கிய டெலஸ்கோப்பில் சனி ஒரு மங்கல் பஞ்சாக இருந்தது. லெம்மன் வால்நட்சத்திரம் வந்துபோனபோது டெலஸ்கோப் உங்கள் அலமாரியில். அது திரும்பி வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும், அதுவரை உங்கள் வாரண்டி செல்லுமா என்று தெரியப்படுத்தவும். 2026 ஜனவரி 10-ல் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது, ஆண்டிலேயே மிகப் பெரிதாகத் தெரிகிற சமயம். அதன் பெருஞ்சிவப்புப் புள்ளியைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். என் வாழ்நாளில் ஒரு வானத்தையே நீங்கள் தின்றுவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தின் பைனாகுலர் ஒன்று வருடக்கணக்காக என்னிடம் இருக்கிறது, அருமையான பொருள். அதை நம்பித்தான் இதையும் வாங்கினேன். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதன்மைக் கண்ணாடியையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் (செல்) சேர்த்து மாற்றிக் கொடுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியை மறுபடி துடைத்துப் பொருத்தி அனுப்பினால் வாங்கிக்கொள்ள மாட்டேன். அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் அதில் ஒரு நிஜ நட்சத்திரத்தையோ எஃகுக் குண்டையோ பார்த்து, ஃபோகஸுக்கு உள்ளேயும் வெளியேயும் எடுத்த படத்தைக் கூடவே வைக்கட்டும். இது முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு உங்களுடையது, இன்னொரு தடவை மடியில் வைத்துக்கொண்டு வர என்னால் ஆகாது.

பதினைந்து நாள் பார்ப்பேன். பிறகு நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போடுவேன், டவர் சோதனையையும் அந்த மேற்பார்வையாளரின் பேச்சையும் சேர்த்தே எழுதுவேன். பேசிய தேதிகளும் குறுஞ்செய்திகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பதே என் விருப்பமும். வியாழன் இன்னும் சில மாதம் மாலை வானில் இருக்கும், அதற்குள் கண்ணாடி வந்தால் எனக்கும் மகிழ்ச்சி.

முக்கோணத்தின் படங்கள், கிளிப்பின் படம், கீறல், கைரேகை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். புகாரைத் தயவுசெய்து மறுபடி "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பழைய புகார் எண்கள் அனைத்தும் இணைப்பில்)