லடாக் கிளம்பும் முன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பொள்ளாச்சிப் பக்கம் இன்னும் மழை இறங்கவில்லை. தென்னையை வெள்ளை ஈ விட்டபாடில்லை.

ஆனியில் தங்கச்சியோடு லடாக் போவதாக எழுதியிருந்தாய், சந்தோசம். ஆனால் "வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறுற காலுக்கு இதெல்லாம் ஒரு மலையா" என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பயம். மூங்கில் தடி ஊன்றி ஏழு மலை ஏறினாலும் நாம் நிற்பது 2,000 மீட்டருக்குள். தொட்டபெட்டாவே 2,637தான். லே ஊரே 3,500 மீட்டரில் இருக்கிறது. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடுவான். காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த இடம். அதற்கு உடம்பு பழக நாள்தான் வேண்டும், கால் பலம் உதவாது.

முதல் ரெண்டு நாள் லேவில் சும்மா இரு. குடி வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். அப்புறம் பாங்காங் ஏரிக்கு ஓடாதே, முதலில் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போ. வழியில் கர்துங்லா கணவாய் 5,359 மீட்டர் என்றாலும் ராத்திரி படுக்கும் நுப்ரா லேவை விடத் தாழ்வு. படுக்கிற உயரம்தான் கணக்கு, மாப்ள. 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிற பாங்காங்கைக் கடைசிக்கு வை.

உயரம் ஒத்துக்காமல் போவதைத் தடுக்க டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை உண்டு. 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதே. ஆனால் தங்கச்சிக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது என்று முன்பு சொன்னாயே, டயமாக்ஸும் அந்த வகையோடு சேர்ந்ததுதான், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லு.

தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேலே ஏறாதே. டிரைவர் என்ன நினைப்பானோ என்று மறைக்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் வரப்பில் நடக்கிற மாதிரி குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொல்லு. தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த ராத்திரியே கீழே இறங்கு. ஆக்சிஜன் கிடைத்தால் வண்டியிலேயே கொடுத்துக்கொண்டு போ. அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததாக இருக்கலாம், உயிரை எடுத்துவிடும்.

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் ரெண்டு நாள் கூட்டிப் போடு. தோட்டத்துத் தண்ணீரை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு, அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
சுப்பு