29 டிகிரி கடலிலும் குளிரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்வது பற்றி ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பு என்பதால் வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அது சரியில்லை.

ஹேவ்லாக் தீவில் நானும் அப்படி நம்பித்தான் டி-சர்ட், ஷார்ட்ஸோடு இறங்கினேன். தண்ணீர் 29 டிகிரி. முதல் டைவில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவதில் 40 நிமிடம் ஆனதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் நம் உடம்பு 37 டிகிரி, தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அப்புறம் படகு கட்டிய கயிற்றில் முழங்கை உரசியது. பார்த்தால் பாசி மாதிரி இருந்தது, ஹைட்ராய்டு என்னும் கொட்டும் கடல் உயிரியாம்! தடிப்பு அடங்க ஒரு வாரம்.

அதற்காக எல்லோரும் வெட்சூட் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. வெயிலில், படகில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேர்த்து ஊற்றும். அதன் ரப்பரான நியோபிரீன் மிதக்கும் என்பதால், மூழ்குவதற்கு இடுப்பில் கூடுதல் ஈயமும் கட்ட வேண்டும். அரை மணி நேரம், ஒரே டைவ் என்றால் முழுக்கை ராஷ்கார்டும் (உடம்போடு ஒட்டிய மெல்லிய நீச்சல் சட்டை) லெக்கின்ஸும் போதும். ஒரே நாளில் 2, 3 முறை இறங்குபவர்களும் என்னைப் போன்ற ஒல்லிப்பிச்சான்களும் 3 மில்லிமீட்டர் சூட் போட்டுக்கொள்வதே நல்லது. வாடகைக்கு எடுத்தால் கரையிலேயே போட்டுப் பாருங்கள், கழுத்துப் பக்கம் தொளதொள என்றிருந்தால் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும், சூடு தங்காது, போட்டும் புண்ணியமில்லை.

ஒரு வாசகர்,
திருச்சி